பின்பாரம்

அப்பாவின் ஊரான கல்லாவியிலிருந்து வந்த லாரி, ஓசூர் பக்கத்து மத்திகிரியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஒட்டிய காலி மனையில் அந்தப் பழைய பிக்கப்பை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஜோதிமணியின் கண்ணில் முதலில் பட்டது அதன் பின்பக்கம்தான். பின்பாடியில் ஒரு துரும்புகூட இல்லை. பின்கதவைக் காணோம், ஸ்டெப்னியைக் காணோம், தரைப்பலகைகளில் பாதி செல்லரித்துப் போயிருந்தன. அப்படியும் வண்டி முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமுங்கி, முழுப் பாரத்தோடு மேடேறப் போகிறதைப் போல நின்றது.

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாகத் தரம் பார்க்கிறவள் அவள். சின்னக் கோணலும் கண்ணை உறுத்தும். வீட்டுக்குள் போய் டேப்பை எடுத்துவந்து அளந்தாள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்வு.

"பட்டை செத்துப் போயிருக்கும் ஜோதி," என்றான் அவள் கணவன் கோபி. "அம்பது வருஷத்துக்கு மேல கொட்டகையில நின்ன வண்டி. ஸ்பிரிங் பட்டையில உயிர் இருக்குமா?"

"வெறும் வண்டியா நின்னா பட்டை எப்படிங்க சாகும்?"

அவன் காதில் அது விழவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, துருவின் சொரசொரப்பைத் தடவிக்கொண்டிருந்தான். வண்டித் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப்பில் வேலை. நாள் முழுக்கப் புது வண்டிகளுக்குச் சாயம் அடிப்பவன், தனக்கென்று ஒரு பழைய வண்டி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கனவு கண்டவன். இப்போது மாமனாரிடமிருந்து வந்திருக்கிறது. அதுவும் பதினொரு வருடம் முகம் பார்க்காத மாமனார்.

ஜோதிமணிக்கு அதுவும் உறுத்தியது. அவர்களுடையது காதல் கல்யாணம். அவள் வீடு நிலபுலம் உள்ள வீடு. கோபியின் வீட்டார் தலைமுறையாகக் கூலிக்குப் போனவர்கள். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, அப்பா கோவிந்தப்பன் அதை வாங்கிப் படித்தார். கோபியின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு சாகும்வரை பேசவில்லை. போன மாதம் செத்த பின் பெட்டியைத் திறந்தபோது, வண்டியின் ஆர்சி புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. 'இந்த வண்டி கோபிக்கு.' மகள் பெயர் அதில் இல்லை.

"மனசு மாறியிருக்காரு பாரு," என்று கோபி அந்தச் சீட்டைப் பர்சில் வைத்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு வாரம் வண்டி என்னவென்று கண்டுபிடிப்பதிலேயே போயிற்று. ஆர்சி புத்தகத்தில் பாதி எழுத்தைக் கரையான் தின்றிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் கோபி கம்பி பிரஷும் மண்ணெண்ணெய்த் துணியுமாக வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவான். சேஸின் வலப்பக்க இரும்பில் குத்தியிருந்த நம்பர் துருவுக்குள் புதைந்திருந்தது. அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. பெங்களூரில் பழைய வண்டிகள் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றுக்கு அந்தப் படத்தை அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. ஃபார்கோ, அரை டன் பிக்கப், ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. அன்று மாலை அவன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். அப்படிச் சிரித்து அவள் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அதனால், அவள் கவனித்துவைத்த மற்ற விஷயங்களை அன்று சொல்லவில்லை.

வண்டியில் பின்னால் பார்க்கிற கண்ணாடி ஒன்றுகூட இல்லை. கதவோரத்தில் இருக்கவேண்டிய இரண்டையும் கழற்றி, ஓட்டைகளில் ஈயம் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். டிரைவர் தலைக்கு மேல் இருக்கவேண்டியதும் இல்லை. கேபினுக்கும் பின்பாடிக்கும் நடுவில் இருக்கும் பின்கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனத்த தகடு ஒன்றை வைத்து, உள்ளிருந்து ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். ரிவெட்டுகள் நேராக இல்லை. ஒன்றின் மேல் ஒன்று, தேவைக்கு மேல் இரண்டு மடங்கு. அவசரத்தில் அடித்தவன் கை.

இன்னொன்றும் இருந்தது. கேபின் கூரையின் பின்விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள்.

"மாந்தோப்புல நிறுத்தியிருப்பாரு. மாங்கா விழுந்து நசுங்கியிருக்கும்," என்றான் கோபி.

அவன் அந்தண்டை போனதும் அவள் பின்பாடியில் ஏறி நின்று, ஒரு பள்ளத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. அடுத்ததில் வைத்தாள். அதிலும்.

தகட்டை கோபி ஒரு சனிக்கிழமை காலையில் அறுத்து எடுத்தான். கிரைண்டரின் கீச்சொலி நின்று, கடைசி ரிவெட் தெறித்து, தகடு இருக்கை மேல் விழுந்தபோது, அதன் விளிம்பில் அடைந்திருந்த மண் பொலபொலவென்று கொட்டியது. ஜோதிமணி அதைக் கையில் எடுத்தாள். தூசி அல்ல. மாவு போல நைசான செம்மண் வண்டல், விரலில் பிசுபிசுவென ஒட்டியது. அதோடு ஒரு வாடை. அழுகிய இலையும் புது வெள்ளமும் கலந்த, ஐப்பசி மழையில் ஓடைக்கரையில் நின்றால் அடிக்கிற வாடை. அப்போது மழை ஓய்ந்து ஒரு மாதமாகியிருந்தது.

"ஈரமா இருக்குதுங்க," என்றாள்.

"ராத்திரி பனி எறங்கியிருக்கும்."

எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. கூரையின் பள்ளங்களை மரச்சுத்தியலால் தட்டி நேராக்கி, மறுநாள் காலையில் அவை பழையபடி குழிந்திருந்தபோது, தகடு தன் பழைய வாகுக்குத் திரும்பும் என்றான். பின்பாடிக்குப் புதுப் பலகை போட்ட பிறகும் இடுக்குகளில் வண்டல் கசிந்தபோது, சேஸுக்குள் அடைந்திருந்தது இறங்குகிறது என்றான். தகடு இருந்த இடத்தில் புதுக் கண்ணாடி பொருத்தினான். ஓசூரில் பட்டை அடிக்கிற பட்டறையில் சொல்லிப் புது ஸ்பிரிங் பட்டைகள் அடித்து வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டி முடித்தான். ஜாக்கியை இறக்கியபோது வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. ஜோதிமணி டேப் வைத்து அளந்தாள். முன்னும் பின்னும் மட்டமாக இருந்தது.

"இப்ப என்னா சொல்ற?" என்றான் அவன். கிரீஸ் அப்பிய கையைக் கழுவ வீட்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனான்.

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். உச்சி வெயில். கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து ஒரு மாடு கத்தியது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அப்போது வண்டியின் இடப்பக்கம் மெல்ல அமுங்கி, கொஞ்சம் எழும்பி, நின்றது. புதுப் பட்டை முனகியது. யாரோ சக்கரத்தின் மேல் கால் வைத்து, பக்கப்பலகையைப் பிடித்து எம்பி ஏறினால் எப்படி அமுங்குமோ அப்படி. பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். ஏறுகிறவர்களுக்கு அவசரம் இல்லை. ஒருவர் ஏறி, உள்ளே நகர்ந்து, இடம்விட்ட பிறகு அடுத்தவர். அவளால் கத்த முடியவில்லை. எண்ண மட்டும்தான் முடிந்தது. ஆறு. ஏழு. எட்டாவது ரொம்ப லேசு. ஒல்லியான ஆள், இல்லை சின்ன வயசு. ஒன்பது.

பிறகு அசைவில்லை. குழாய் நின்றது. கோபி துண்டில் கையைத் துடைத்தபடி வந்தான்.

"அட. புதுப் பட்டை கொஞ்சம் எறங்கும், சகஜம்தான்," என்றான்.

அன்று அளந்தபோது தொண்ணூற்றிரண்டு.

மறுநாள் மதிய இடைவேளையில், தொழிற்சாலைக் கேண்டீனுக்குப் பின்னால் நின்று, ஜோதிமணி கல்லாவியில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தாள். லட்சுமியம்மாள் அப்பாவின் தங்கை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள்.

"அத்தை, அப்பா அந்த வண்டியில ஆளுங்கள ஏத்திட்டுப் போவாரா?"

"எதுக்குக் கண்ணு கேக்கற?"

"ஒம்போது பேரா அத்தை?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள் அத்தை. குரல் ஒடுங்கியிருந்தது.

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

லட்சுமியம்மாள் சொன்னாள். தனக்கு அப்போது பதினாறு வயசு என்று ஆரம்பித்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கப் போகிற ஆட்களை அண்ணன்தான் தினமும் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டிவருவான். ஒரு ஐப்பசி மாலை. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையிலேயே இறங்கிக்கொள்கிறோம் என்று ஆட்கள் கெஞ்சினார்கள். தாண்டிவிடலாம், உட்காருங்கள் என்றான் அண்ணன். நடுப்பாலத்தில் தண்ணீர் பக்கவாட்டில் அடித்து வண்டியின் பின்பக்கம் சரிந்தது. பின்னாலிருந்து கேபின் கூரையைத் தட்டினார்கள். நிறுத்தச் சொல்லி எல்லாருமாகச் சேர்ந்து தட்டினார்கள். நிறுத்தினால் இஞ்சின் அணைந்துவிடும் என்று அவன் மிதித்துக்கொண்டே போனான். அக்கரை ஏறியபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"திரும்பிப் பாத்தாரா?"

"பாக்கலடி. வீடு வரைக்கும் திரும்பிப் பாக்கல. வந்து எறங்கி, நேரா உள்ள போயி படுத்துக்கிட்டான். விசாரிக்க வந்தவங்ககிட்ட, ஓடைக்கு அந்தாண்டயே எறக்கி விட்டுட்டன், அவிங்க குடிச்சுட்டு தண்ணியில எறங்கிட்டாங்கன்னு சொன்னான். எல்லாரும் நம்பிட்டாங்க. எங்கிட்ட மட்டும் நடந்தத சொன்னான், நானும் வாயத் தொறக்கல. அதுக்கப்பறம் ஒரு மாசம் ஓட்டுனான். ஒருநா கண்ணாடிய எல்லாம் கழட்டுனான். ஒருநா தகட்ட வெச்சு அடைச்சான். அப்பறம் கொட்டகையில விட்டவன்தான்."

ஜோதிமணிக்கு அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பமாட்டார். கூப்பிட்டவர்கள்தான் சுற்றிக்கொண்டு முன்னால் வரவேண்டும். காது மந்தம் என்றே ஊரில் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஜோதி," என்றாள் அத்தை. "சாதிக்காகத்தான் உங்கப்பன் உங்கிட்ட பேசலன்னு நெனச்சியா? பத்திரிகையில மாதையன் பேரன்னு போட்டிருந்துச்சே. அந்த ஒம்போதுல ஒருத்தரு மாதையன். உன் வீட்டுக்காரரு மூஞ்சி அச்சு அசல் அவரு மூஞ்சி. எப்படிடி பாப்பான் உங்கப்பன்? வண்டிய அவருக்குக் குடுத்துட்டா போதும்னு கடைசியில நெனச்சிருக்கான். நான் வேணாம்னேன். அத ஓட்டாதீங்க கண்ணு. நிக்கட்டும் அது."

சங்கு ஊதியது. அவள் உள்ளே போனாள். அன்று மதியம் முழுவதும் அளந்த பாகங்களையே மறுபடி மறுபடி அளந்தாள்.

கோபியின் தாத்தா கதையை அவள் கல்யாணத்துக்கு முன்பே கேட்டிருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவனே சொன்னது. தாத்தா குடித்துவிட்டு வெள்ளத்தில் இறங்கிச் செத்தார். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சுத் தாங்காமல் அவன் ஆயா கைக்குழந்தையோடு ஊரைவிட்டு ஓசூருக்கு வந்தாள். கடைசிவரை அந்த ஊர்ப் பெயரை அவள் வாயில் எடுக்கவில்லை. கோபியின் அப்பா சென்றாயனும் ஊர் எதுவென்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆனால் கள்ளோ சாராயமோ நாக்கில் வைக்கக்கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கோபி இன்றுவரை தொட்டதில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவன் ராகிக் களியைக் குழம்பில் தோய்த்தபடி வண்டிக்கு அடிக்கப்போகும் சாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பழைய சாயத்தைச் சுரண்டியபோது அடியில் ஒரு கரும்பச்சை தெரிந்ததாம். அதையே கலந்து எடுக்கப்போகிறானாம். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சொன்னால் நாளையிலிருந்து இந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும்? தன் முகத்தில் யாரைப் பார்க்கும்?

"என்னா, ஒருமாதிரி இருக்கற?"

"ஒன்னும் இல்லீங்க. தலைவலி."

அதற்கடுத்த வாரம் முழுக்க அப்படித்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். வண்டியை விற்றுவிடலாம் என்றாள், சிரித்தான். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்கப்பா எனக்குன்னு குடுத்தது இது ஒன்னுதான் ஜோதி," என்றான்.

ஒரு மதியம் அவள் விடுப்பில் தனியாக இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தகரத்தில் உள்ளங்கை விழும் சத்தம்.

இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு.

கோபமாக இல்லை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டதென்று கண்டக்டருக்குச் சொல்வதைப் போல நிதானமாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். கூட்டக் கூட்டத் தட்டலும் கூடியது. சாயங்காலம் கோபி வந்து பார்த்துவிட்டு, கூரையில் புதிதாகச் சில பள்ளங்கள் இருப்பதாகவும், தெருப் பையன்கள் ஏறிக் குதித்திருப்பார்கள் என்றும் சொன்னான்.

மார்கழி பிறந்தபோது வண்டி கரும்பச்சையில் மின்னியது. இஞ்சினும் ஓடியது. பின்பக்கம் மட்டும் தாழ்ந்தே இருந்தது. எந்தக் காரணமும் மிச்சமில்லாமல் போன கோபி, கடைசியில் வண்டியை எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்றான். கிரானைட் லாரிகள் நிறுக்கும் எடைமேடை ஒன்று நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனால் ரோட்டில் கூட்டம் இருக்காது.

"நீயும் வா ஜோதி. மொத சவாரி."

தனியாக அனுப்ப அவளுக்குப் பயம். கூடப் போகவும் பயம். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் சரியாக வரவில்லை. பனி தரையோடு படுத்திருந்தது. பண்ணை வேலியும் மரங்களும் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. மேடுகளில் வண்டி திணறியது. திருப்பங்களில் பின்பக்கம் நிதானமாக ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. கோபி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். பாரம் ஏற்றிய வண்டி எப்படி ஓடும் என்பது அவன் கைகளுக்குத் தெரியும்.

எடைமேடையில் இருந்தவர் வெங்கடப்பன் என்கிற வயசான ஆள். கண்ணாடிக் கூண்டுக்குள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மேடையில் ஏறி நின்றது. திரையைப் பார்த்தபடியே மைக்கில் சொன்னார்.

"பின்னாடி இருக்கறவங்கள எறக்கிட்டு ஏத்துங்க சார். ஆளோட நிறுத்தா கணக்கு வராது."

கோபி ஜன்னலில் தலையை நீட்டினான். "யாரும் இல்லீங்களே!"

வெங்கடப்பன் எழுந்து நின்று வெளியே பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார். சீட்டை அச்சடித்து, கையை வெளியே நீட்டாமல், துவாரம் வழியாகத் தள்ளிவிட்டார். கூண்டின் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

அவர்கள் இருவர் எடையைக் கழித்த பிறகும், வண்டிக்குரிய எடையைவிட நானூற்று அறுபது கிலோ அதிகம். ஜோதிமணியின் மனசு தானாகவே ஒன்பதால் வகுத்தது. ஆளுக்கு ஐம்பத்தொன்று. கல் உடைத்துக் காய்ந்த உடம்புகள்.

"எங்கிருந்து வருது இந்த எடை?" கோபி சீட்டைக் கசக்கினான். "பலகைக்கு அடியில என்னமோ இருக்குது. ஆக்சில்லயும் சத்தம் வருது. ஜோதி, நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து காத வெச்சுப் பாக்குறன்."

"வேணாங்க!"

"டிராக்டர் ஓட்டுனவதான நீ? மெதுவா போ போதும். ரெண்டு தட்டு தட்டுனா நிறுத்து."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உங்க தாத்தா..."

"தாத்தாவா? வீட்ல போயி பேசிக்கலாம் ஜோதி, லாரி வருது பாரு."

பின்னால் ஒரு கிரானைட் லாரி ஹாரன் அடித்தது. அவன் கையை விடுவித்து இறங்கி, பின்சக்கரத்தின் மேல் கால்வைத்து எம்பி ஏறினான். வண்டி ஒரு பக்கம் அமுங்கி எழும்பியது. அவள் பிடித்திருந்த கை காற்றில் நின்றது. சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன், இன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கோபி புதிதாக மாட்டியிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்தாள்.

பண்ணை ரோட்டில் பனி இன்னும் அடர்ந்திருந்தது. ஐந்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இஞ்சின் சூட்டில் கேபினுக்குள் அந்த வாடை மெல்ல எழுந்தது. அழுகிய இலை. செம்மண். புது வெள்ளம். அவள் ஜன்னலை இறக்கினாள். வெளியே சோளத்தட்டை வாசமும் சாணி வாசமும் இருந்தன. உள்ளே அது மட்டும்தான் இருந்தது.

கூரையில் இரண்டு தட்டு.

அவள் கால் பிரேக்கை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

அது கோபியா?

அன்று மதியம் கேட்ட அதே தட்டு. அதே நிதானம். நிறுத்தினால் என்ன நடக்கும்? அவர்கள் இறங்குவார்களா? முன்னால் வருவார்களா?

மறுபடி இரண்டு தட்டு. இப்போது கொஞ்சம் வேகமாக.

கோபியாக இருந்தால் கூப்பிடுவான். ஜோதி என்று ஒரு குரல் கொடுப்பான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இஞ்சினின் இரைச்சல். அதற்கு அடியில் இன்னொரு இரைச்சல், பரந்து ஓடுகிற தண்ணீரின் இரைச்சல். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். இல்லை. கூப்பிடவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

தட்டு. தட்டு. தட்டு. ஒரு கை அல்ல. பல கைகள். கூரை முழுவதும். தலைக்கு மேல் தகடு குழிந்து குழிந்து இறங்கியது.

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

வண்டி உறுமிக்கொண்டு பனிக்குள் பாய்ந்தது. பின்பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. வீடு வந்துவிடும். வீடு வந்தால் போதும். திரும்பக்கூடாது. பார்க்கக்கூடாது. தட்டட்டும். அவள் பல்லைக் கடித்தாள். கண்ணீர் வழிந்தது. ஒரு கை மட்டும், ஒரே ஒரு கை மட்டும், தனியாக, வெறியோடு தகட்டை அறைந்துகொண்டிருந்தது. அந்தக் கையில் மோதிரம் இருந்தது. இரும்பில் பொன் மோதும் சன்னமான சத்தம்.

கல்யாணத்தன்று அவள் அவனுக்குப் போட்ட மோதிரம்.

அது புரிந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி, இஞ்சின் அணைந்து, நடுரோட்டில் நின்றது. எங்கும் பனி. எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

"ஏங்க," என்றாள்.

"கோபி!"

எவ்வளவு நேரம் அப்படியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. பிறகு கழுத்தைத் திருப்பினாள். அப்பா திருப்பாத கழுத்தை.

பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபி உட்கார்ந்திருந்தான். காலி பின்பாடியின் முன்கோடியில் முழங்காலை மார்போடு ஒட்டி, தோள்களைக் குறுக்கி, நெருக்கியடித்த கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவன் போல இரண்டு கைகளையும் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டை செம்மண் நிறத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. ரோடு காய்ந்து கிடந்தது. நின்றுபோன வண்டியில் அவன் உடம்பு மட்டும் இடதும் வலதுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் யாரோ தாங்கிக்கொண்டு ஆடுவதைப் போல. அவன் முகம் கண்ணாடிக்கு வெகு அருகில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன.

அவன் தலைக்கு இடப்பக்கம் கண்ணாடியில் ஒரு மூச்சு படிந்தது. வட்டமாக, வெள்ளையாக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வலப்பக்கம் ஒன்று. மேலே இரண்டு. கண்ணாடியை ஒட்டி முகங்கள் நெருங்கி நெருங்கி வருவதைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுகள் படிந்தன. படிந்து, கலைந்து, மறுபடி படிந்தன.

அவள் எண்ணினாள்.

ஒன்பது.

கோபியின் திறந்த வாய்க்கு நேரே கண்ணாடி தெளிவாகவே இருந்தது.